விதியைத் திருத்தும் கைக்கும் ஒரு விதி

எண்ணூர் விரைவுச் சாலையில், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்தபடி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் வரிசை வடசென்னைக்காரர்களுக்குப் பழகிய காட்சி. அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் கணினியில் அச்சான தாள்கள் உண்டு: துறைமுகத்துக்குள் நுழையத் தேவையான ஃபார்ம் 13, எடைச் சீட்டு, யார்டை விட்டு வெளியேறும் கேட் பாஸ். இவற்றுக்கான மென்பொருள் எல்லாமே பெரிய நிறுவனங்களிலிருந்து வந்துவிடுவதில்லை. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஒரு மாடி அறையில் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுப்பதும் உண்டு.

அப்படி ஒரு குழுவில் ஒருவர் நிரலில் ஒரு வரியை மாற்றுகிறார். அந்த வரி யார்டில் உள்ள கணினிக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் அதைப் பார்க்க வேண்டும், எந்தச் சோதனைகளில் அது தேற வேண்டும், கடைசியில் யார் கையால் அது உள்ளே போக வேண்டும் என்பதையெல்லாம் உள்ளமைவு மேலாண்மைக் கருவியின், அதாவது நிரலில் நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைத்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளின், ஓர் அமைப்புப் பக்கம் (செட்டிங்ஸ்) தீர்மானிக்கிறது. நிரலைத் திருத்துவது பற்றி ஓயாமல் பேசுகிறோம். அந்தப் பக்கத்தைத் திருத்துவது பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. நிரலில் செய்யும் திருத்தம் ஒரு கோப்பைத்தான் மாற்றும். விதியில் செய்யும் திருத்தமோ அந்த நொடி முதல் எல்லாக் கோப்புகளுக்கும் எல்லா ஆட்களுக்கும் பொருந்திவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் வந்த கருவிகளுக்கு இந்தக் கவலை இல்லை. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., 1980களில் வந்த ஆர்.சி.எஸ்., சி.வி.எஸ். ஆகியவை, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று குறித்துவைத்தன. வேண்டும்போது பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தன. மாற்றலாமா கூடாதா என்ற கேள்வியைப் பெரும்பாலும் மனிதர்களிடமே விட்டிருந்தன. பிறகு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அது போதவில்லை. ஹார்வெஸ்ட் போன்ற கருவிகள் ஒரு மாற்றம் கடந்துபோக வேண்டிய படிநிலைகளையே கருவிக்குள் கொண்டுவந்தன. மாற்றங்கள் ஒரு பேக்கேஜாகக் கட்டப்படும். அந்தப் பேக்கேஜ் உருவாக்கத்திலிருந்து சோதனைக்கும், சோதனையிலிருந்து நடைமுறைக்கும் படிப்படியாக நகரும். கோப்பை எடுப்பது, திருப்பி வைப்பது, ஒப்புதல் தருவது, அடுத்த படிக்கு உயர்த்துவது, கீழே இறக்குவது என்று ஒவ்வொரு படியிலும் செய்யக்கூடிய செயல்முறைகள் இன்னின்ன என்று வரையறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி அமைப்புகள் உண்டு. எந்தக் குழுவினர் அதை இயக்கலாம், அதற்கு முன்னால் எது ஓட வேண்டும், பின்னால் எது ஓட வேண்டும், யாருக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும்.

நிரலை வைத்துக் கூட்டாக வேலைசெய்யும் இணையத் தளங்களான கிட்ஹப், கிட்லேப் ஆகியவற்றை இன்று பயன்படுத்தும் இளைஞர்களில் பலர் ஹார்வெஸ்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றில் முதன்மைக் கிளைக்கு, அதாவது நிரலின் மூலப் பிரதிக்கு, போடும் பாதுகாப்பு விதிகள் செய்வது அதே வேலையைத்தான். பெயரும் திரையும் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். எடை மேடையில் லாரியும் கன்டெய்னரும் சேர்ந்தே ஏறும். மொத்தத்தில் லாரி, டிரெய்லரின் எடையைக் கழித்தால் கன்டெய்னரும் சரக்கும் சேர்ந்த எடை கிடைக்கும். கப்பல் நிறுவனத்துக்குத் தர வேண்டிய சரிபார்த்த மொத்த எடை அதுதான். 2016 ஜூலை 1 முதல் ஏற்றுமதிக் கன்டெய்னர்களுக்கு உலகெங்கும் அது கட்டாயம். காலிக் கன்டெய்னரின் எடை அதன் கதவிலேயே எழுதப்பட்டிருக்கும். இருபது அடிப் பெட்டிக்கு ஏறக்குறைய 2,200 கிலோ. சரக்கின் நிகர எடை வேண்டுமென்றால் அதையும் கழிக்க வேண்டும். சரிபார்த்த மொத்த எடையில் அதைக் கழிக்கவே கூடாது.

இப்போது ஒருவர், விலைப்பட்டியலில் நிகர எடை தப்பாக வருவதைச் சரிசெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாற்றத்தை முதன்மைக் கிளையில் சேர்க்கச் சொல்லும் இணைப்புக் கோரிக்கை அனுப்புகிறார். மாலை நான்கு மணிக்கு மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறார். நாலரை மணிக்கு எழுதியவருக்கு ஒரு யோசனை வருகிறது. இரண்டு இடங்களில் ஒரே கழித்தல் இருக்கிறதே, பொதுவான ஒரு செயல்கூறுக்குள் (ஃபங்ஷன்) கொண்டுபோய்விடலாம் என்று அதே கோரிக்கையில் இன்னும் நான்கு வரிகளைச் சேர்க்கிறார். எண்ணம் நல்லதுதான். ஆனால் சரிபார்த்த மொத்த எடையைக் கணக்கிடும் இடமும் அதே செயல்கூறைத்தான் அழைக்கிறது. இனி அந்த யார்டிலிருந்து போகும் ஒவ்வொரு பெட்டியும் தாளில் இரண்டு டன்னுக்கு மேல் குறைவாக இருக்கும்.

இந்த நான்கு வரிகள் உள்ளே போகுமா, போகாதா? புதிய கமிட் (பதிவுசெய்த மாற்றம்) வந்தால் பழைய ஒப்புதலை நீக்கு என்ற ஒரே ஒரு பெட்டியில் குறி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. குறி இருந்தால் நான்கு மணி ஒப்புதல் செல்லாமல் போகும். மூத்தவர் மறுபடி பார்த்தாக வேண்டும். கழித்தலின் இடம் மாறியிருப்பது அவர் கண்ணில் படுவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. குறி இல்லையென்றால், அவர் பார்க்காத வரிகளுக்கும் சேர்த்து அவருடைய ஒப்புதல் நிற்கும். பதிவேட்டில் அவர் பெயர்தான் இருக்கும். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான்: அமைப்பு தளர்வாக இருந்தால் பிழை நுழைவதோடு முடிவதில்லை, பார்த்தேன் என்று ஒரு மனிதர் கொடுத்த சொல்லையே கருவி பொய்யாக்கிவிடுகிறது.

எடை தவறினால் என்ன ஆகும் என்பது கடல் தொழிலுக்கு நன்றாகவே தெரியும். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் உடைந்த எம்.எஸ்.சி. நேப்போலி கப்பலிலிருந்து இறக்கப்பட்ட பெட்டிகளை பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் எடைபோட்டார்கள். தளத்தில் நனையாமல் இருந்த பெட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. 2016ஆம் ஆண்டு விதி வந்ததற்கு இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளும் காரணம்.

அமைப்புகளைத் திருத்துவதில் இரண்டாவது சிக்கல், அவை எந்த வரிசையில் படிக்கப்படுகின்றன என்பது. இதே வகைக் கருவியான பெர்ஃபோர்ஸின் அனுமதிப் பட்டியலில் கடைசியாகப் பொருந்தும் வரியே செல்லும். மேலே ஒருவருக்கு ஒரு கோப்புறையைத் தடைசெய்துவிட்டு, கீழே எல்லோருக்கும் எழுத அனுமதி என்று ஒரு வரி சேர்த்தால், மேலே போட்ட தடை காற்றில் போய்விடும். அதே கருவியில், புதிதாக நிறுவிய சர்வரில் அனுமதிப் பட்டியல் ஒன்றை எழுதி வைக்கும்வரை எல்லாப் பயனர்களும் முழு அதிகாரம் படைத்தவர்களே. கிட்ஹப், கிட்லேப் இரண்டுக்கும் அடியில் உள்ள கிட் கருவியில் ஒரே அமைப்பு கணினி அளவில் ஒன்று, பயனர் அளவில் ஒன்று, களஞ்சியத்தின் (ஒரு திட்டத்தின் நிரலும் வரலாறும் சேர்ந்திருக்கும் இடம்) அளவில் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்கலாம். களஞ்சியத்துக்கு நெருக்கமானதே வெல்லும். நிரல் மதிப்பாய்வுக் கருவியான கெரிட்டில் ஒரு திட்டத்தின் விதி மேலே உள்ள தாய்த் திட்டத்திலிருந்து இறங்கி வரும். ஆகவே, திரையில் தெரியும் ஒரு வரியை மட்டும் பார்த்து மாற்றுகிறவர் உண்மையில் எதை மாற்றுகிறோம் என்று அறியாமலே மாற்றக்கூடும்.

கிட்ஹப்பின் பழைய வகைக் கிளைப் பாதுகாப்பில் இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது. தனியாகச் சொல்லித் தடுத்தால் ஒழிய, நிர்வாகி உரிமை உள்ளவர்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது. நான்கு பேர் கொண்ட குழுவில் வசதிக்காக நால்வரையும் நிர்வாகியாக்கியிருப்பார்கள். அப்படியானால் அங்கே விதி என்று ஒன்று இல்லை. பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறது. கட்டணம் இல்லாத கணக்கில் தனிப்பட்ட களஞ்சியம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பே கிடைப்பதில்லை என்பதையும் சிறு குழுக்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவர்கள் கிட்டை ஒரு சொந்தச் சர்வரில் வைத்து, உள்ளே வருவதை வாசலிலேயே சோதிக்கும் ஹூக் ஒன்றை, அதாவது தானே ஓடும் சிறு நிரலை, எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் கணினியிலும் ஓடும் ஹூக்கை நம்பிப் பயனில்லை. களஞ்சியத்தை நகலெடுக்கும்போது அது கூட வராது. வந்தாலும், கமிட்டுக்கு முன் ஓடும் சோதனையைக் கட்டளையில் ஒரு சொல் சேர்த்துத் தாண்டிவிடலாம்.

விதியைத் தளர்த்துவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. இறுக்குவதும் குழப்பம் தரும். இன்ன பெயருள்ள சோதனை தேறினால்தான் இணைக்கலாம் என்று அமைப்பில் எழுதியிருப்பார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் சோதனைக் கோப்பில் அந்த வேலையின் பெயரை மாற்றிவிடுவார். அமைப்பு பழைய பெயருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெயரில் எதுவும் ஓடாது. எல்லோருடைய கோரிக்கைகளும் நின்றுபோகும். யாருக்கும் காரணம் புரியாது. பிற்பகல் முழுக்கத் தேடிக் களைத்த பிறகு, நிர்வாகி அந்த விதியையே மொத்தமாக எடுத்துவிடுவார். ஒரு பெயரைத் திருத்த வேண்டிய இடத்தில் ஒரு பாதுகாப்பே போய்விடும். அமைப்பும் அது குறிப்பிடும் சோதனையும் இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு வெவ்வேறு கைகளில் இருப்பதால் வரும் வினை இது.

இங்கேதான் மையமான முரண் தெரிகிறது. எடைக் கணக்கில் ஒரு வரியை மாற்ற இரண்டு பேருடைய ஒப்புதல் வேண்டும். அந்த இரண்டு என்ற எண்ணைக் குறைக்க யாருடைய ஒப்புதலும் வேண்டாம். ஒரு நிர்வாகியின் ஒரு சொடுக்கு போதும். சோதனை கிடையாது. இரண்டாவது கண் கிடையாது. பல கருவிகளில், இதை ஏன் மாற்றினேன் என்று எழுதுவதற்கு ஓர் இடம்கூடக் கிடையாது.

இந்த மென்பொருள் ஓடும் எடை மேடையையே பாருங்கள். நாள் முழுக்க யார் வேண்டுமானாலும் அதில் லாரியை ஏற்றி எடைபோடலாம். ஆனால் அதன் அளவைச் சரிசெய்யும் பகுதிக்கு முத்திரை வைத்திருப்பார்கள். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் ஆண்டுக்கொரு முறை படிக்கற்களை வைத்துச் சோதித்து அந்த முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். யார்டு உரிமையாளரே ஆனாலும் முத்திரையை உடைத்து அளவைத் திருப்புவது குற்றம். எடைபோடும் கையும் தராசைத் திருத்தும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சட்டமே பிரித்துவைத்திருக்கிறது. மேடைக்கு இருக்கும் இந்தப் பிரிவினை, மேடையின் கணக்கைப் போடும் மென்பொருளின் விதிகளுக்கும் வேண்டும் என்பதே என் வாதம்.

கருவிகளை உருவாக்கியவர்களில் சிலர் இதை முன்னரே உணர்ந்திருக்கிறார்கள். சப்வெர்ஷன் என்ற கருவியில் கோப்புகளின் வரலாறு முழுக்கக் காக்கப்படும். ஆனால் ஒவ்வொரு பதிப்போடும் ஒட்டியிருக்கும் குறிப்பு, ஆசிரியர் பெயர் போன்ற பண்புகளுக்கு வரலாறு கிடையாது. ஒன்றை மாற்றினால் பழையது அழிந்தேபோகும். அதனால் அவற்றை மாற்றும் வசதியைத் தொடக்கத்திலேயே மூடிவைத்தார்கள். களஞ்சியத்தின் பொறுப்பாளர் அதற்கென்று ஒரு ஹூக்கைத் தானே எழுதி வைத்தால்தான் திறக்கும். வரலாறு இல்லாத இடத்தில் மாற்றம் எளிதாக இருக்கக் கூடாது என்ற இந்தத் தெளிவை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைய இணையக் கருவிகளின் அமைப்புப் பக்கங்களில் அந்தத் தெளிவு குறைவாகவே இருக்கிறது.

நிரலுக்கு ஒரு கண்டிப்பு, அமைப்புக்கு ஒரு தளர்வு என்ற பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளை நிறுவியிருந்தவர்கள், அதன் நிரல் பதிப்புகளை ஒன்றிரண்டு பதிப்பு தாமதமாக ஏற்றுக்கொள்ளும்படி வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்த நிரல் படிக்கும் உள்ளடக்கக் கோப்புகளுக்கு அந்தத் தாமதம் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போயின. அப்படிப் போன ஒரு கோப்பு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். களஞ்சியத்தின் விதிப் பக்கமும் அந்தக் கோப்பும் வேறு வேறுதான். ஆனால் இது நிரல் இல்லையே, ஓர் அமைப்புதானே என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

சரி, என்ன செய்யலாம்? மிக நேரான வழி, விதிகளை எழுத்துக் கோப்பாக்கி அதே களஞ்சியத்துக்குள் வைப்பது. கெரிட் இதைப் பல ஆண்டுகளாகவே செய்கிறது. ஒவ்வொரு திட்டத்தின் அனுமதிகளும் ஒப்புதல் விதிகளும் அந்தத் திட்டத்தின் களஞ்சியத்திலேயே தனிக் கிளையில் ஒரு கோப்பாக இருக்கும். யார் எந்த விதியை எப்போது மாற்றினார்கள் என்பது நிரலின் வரலாறு போலவே கிடைக்கும். திரையில் மாற்றியதை நேரே சேமிக்காமல் மதிப்பாய்வுக்கு அனுப்பவும் முடியும். சொந்தச் சர்வரில் உள்ள கிட் களஞ்சியங்களுக்கு அனுமதிகளை நிர்வகிக்கும் கிட்டோலைட்டும் அப்படித்தான், அதன் அனுமதிகள் முழுவதும் ஒரு தனிக் களஞ்சியத்தில் உள்ள கோப்பில் இருக்கின்றன, மாற்ற வேண்டுமென்றால் அதில் கமிட் செய்து அனுப்ப வேண்டும். கிட்ஹப், கிட்லேப் பயன்படுத்துவோர் கோப்பில் எழுதிய அமைப்புகளை நடைமுறைப்படுத்தும் டெர்ராஃபார்ம் போன்ற கருவியில் விதிகளை எழுதிவைத்து, அங்கிருந்து மட்டும் பக்கத்தை மாற்றலாம். இதற்கெல்லாம் ஆளில்லாத குழு, விதிகளின் தற்போதைய நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மாற்றும்போதெல்லாம் காரணத்தோடு அந்தக் கோப்பையும் மாற்றினாலே பெரிய முன்னேற்றம்.

எந்தக் கோப்புறைக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோப்பு கிட்ஹப்பில் ஏற்கெனவே களஞ்சியத்துக்குள்தான் இருக்கிறது. அதில் பலர் தவறவிடும் ஒரு வரி உண்டு: அந்தக் கோப்புக்கே ஒரு பொறுப்பாளரைக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் எடைக் கணக்குக்கு இன்னார் பொறுப்பு என்ற வரியை, எடைக் கணக்கோடு சம்பந்தமில்லாத ஒருவர் மாற்றிவிடலாம்.

நடைமுறையில் எல்லாம் உடைவது அவசரத்தில்தான். இரவு பதினொரு மணி. யார்டு வாசலில் எடைச் சீட்டு அச்சாகவில்லை. பின்னால் வண்டிகள் நிற்கின்றன. திருத்தம் தயார். ஒப்புதல் தர வேண்டிய இரண்டாவது ஆள் தூங்கிவிட்டார், தொலைபேசியை எடுக்கவில்லை. "அண்ணா, இன்றைக்கு மட்டும் அந்த ஒப்புதல் விதியை எடுத்துவிடுங்கள்" என்று குழுத் தலைவரிடம் கேட்கிறான் பையன். அவரும் எடுத்துவிடுகிறார். வேறு என்ன செய்வார்? வாசலில் நிற்கும் ஓட்டுநருக்கு நம் விதியைப் பற்றி என்ன கவலை? இந்தக் கோரிக்கையில் எந்தத் தவறும் இல்லை. தவறு, இப்படி ஓர் இரவு வரும் என்று விதியை எழுதியவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்க்காததில் இருக்கிறது. எடுத்த விதியைத் திரும்பப் போட வேண்டும் என்பது மறுநாள் காலை யாருக்கும் நினைவிருக்காது. தளர்ந்த விதி சத்தம் போடாது. எல்லாம் முன்பைவிடச் சுலபமாக நடக்கும். இரண்டு மாதம் கழித்து அந்த நான்கு வரிகள் யாரும் பார்க்காமல் உள்ளே போவது இப்படித்தான்.

அவசரத்துக்கும் விதிக்குள்ளேயே ஒரு வழி வைக்க வேண்டும். அவசரத் திருத்தத்துக்கு என்று பெயரிட்ட தனிக் கிளை. அதற்கு ஒருவர் ஒப்புதல் போதும். அதிலிருந்து யார்டுக்கு நேராகப் போகலாம். ஆனால் முதன்மைக் கிளைக்குத் திரும்ப வரும்போது வழக்கமான இரண்டு ஒப்புதலும் வேண்டும். அப்போது எந்த விதியையும் எடுக்க வேண்டியதில்லை, மறந்துபோகவும் ஒன்றுமில்லை. திருத்தம் இரவில் போய்விடும். மதிப்பாய்வு காலையில் நடந்தே தீரும். புதிய விதியைக் கொண்டுவரும்போது, அது யார் யாரைத் தடுக்கும் என்று முதலில் தெரிந்துகொள்வதும் நல்லது. 2023இல் வந்த கிட்ஹப்பின் விதித் தொகுப்புகளில், பெருநிறுவனக் கணக்குகளுக்கு, விதி தடுக்காமல் கணக்கு மட்டும் எடுக்கும் சோதனை நிலை உண்டு. அது இல்லாதவர்கள் ஒரு சோதனைக் களஞ்சியத்தில் போட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகப் பதிவேடு. யார் எந்த அமைப்பை மாற்றினார்கள் என்பது கருவியிலேயே இருக்குமே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். கிட்ஹப்பின் நிறுவனக் கணக்குகளில் அந்தப் பதிவு 180 நாட்கள்தான் இருக்கும். களஞ்சியத்தை நகலெடுத்தது, அனுப்பியது போன்ற நிகழ்வுகள் ஏழே நாட்கள். ஏற்றுமதியாளர் ஒருவர் சென்ற ஆண்டு எடைச் சீட்டைக் காட்டி, அன்று இந்தக் கணக்கை யார் பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்டால், நிரலின் வரலாறு பதில் சொல்லும். அன்று எந்த விதி நடப்பில் இருந்தது என்பதற்குப் பதில் இருக்காது. மாதம் ஒருமுறை அந்தப் பதிவை இறக்கி, களஞ்சியத்துக்கு வெளியே, நிர்வாகி அல்லாத ஒருவர் பொறுப்பில் வைத்துவிட வேண்டும். ஐந்து பேர் கொண்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுபவரே அந்த வேலைக்குப் பொருத்தமானவர்.